வால்வு ஆம்ப்ளிஃபையருக்கும் பேனல் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

1957ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் தம்முடைய குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை இயக்குவதற்கென்று அவரிடம் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்த குவாட் II ஆம்ப்ளிஃபையர். இரண்டு கேடி66 வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்கள்) கொண்ட அந்தப் பெட்டி தரும் ஆற்றல் 15 வாட் மட்டுமே. இன்றோ, பேனல் ஸ்பீக்கர் (கூம்புக்குப் பதிலாக அகன்ற மெல்லிய படலம் அதிரும் தட்டையான ஸ்பீக்கர்) வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், குறைந்தது 200 வாட்டாவது வேண்டும், வால்வு சரிப்பட்டு வராது என்ற பதில்தான் முதலில் வருகிறது. இரண்டுமே உண்மைதான், ஆனால் அவை இரண்டு வெவ்வேறு வகை ஸ்பீக்கர்களைப் பற்றிய உண்மைகள். எலக்ட்ரோஸ்டாட்டிக்கையும் மேக்னட்டிக் பிளேனாரையும் 'பேனல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால், கையிலிருக்கும் ஆம்ப்ளிஃபையர் போதுமா, போதாது என்றால் குறை எங்கே என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

முதல் படி: ஸ்பீக்கர் எந்த இனம்?

மேக்னட்டிக் பிளேனார் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் கம்பியோ உலோகத் தகடோ ஒட்டப்பட்டிருக்கும். எதிரே காந்தங்களின் வரிசை இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் இந்த இனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கம்பியில் சொல்லத்தக்க இண்டக்டன்ஸ் (அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும் தன்மை) கிடையாது. ஆகவே ஆம்ப்ளிஃபையரின் கண்ணுக்கு அது ஏறக்குறைய 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போலவே தெரியும். பேஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் பகுதியில் சில மாடல்களில் இம்பிடன்ஸ் (மாறும் சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) ஒரு மேடு போல உயரும் என்பதைத் தவிர, இதில் பயமுறுத்தும் வளைவு எதுவும் இல்லை. இந்த இனத்தின் குறை ஒன்றே ஒன்று: பசி அதிகம். கொடுத்த வாட்டுக்குச் சத்தம் குறைவாகவே வரும்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் வேறு கதை. அதன் படலத்தில் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் நிலையாக நிற்கும். முதல் குவாட் மாடலான ஈஎஸ்எல்-57இல் பேஸ் பேனல்களுக்கு 6,000 வோல்ட், ட்ரெபிள் பேனலுக்கு 1,500 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் தரும் சில வோல்ட் சிக்னலை ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் பல மடங்காக உயர்த்தி, படலத்தின் இருபுறமும் உள்ள துளையிட்ட தகடுகளுக்குக் கொடுக்கிறது. தகடு, காற்று, படலம் என்ற இந்த அடுக்கு, அடிப்படையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரின் இம்பிடன்ஸ் அதிர்வெண் ஏற ஏறக் குறையும். அதனால்தான் ஈஎஸ்எல்-57 பேஸ் பகுதியில் 30 ஓமை ஒட்டியும், 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிய உச்சத்தில் 2 ஓம் அளவுக்கு இறங்கியும் நிற்கிறது. மார்ட்டின்லோகன் போன்ற கலப்பு வகைகளில் பேஸ் பகுதியைச் சாதாரண கூம்பு ஸ்பீக்கர் ஏற்றுக்கொள்வதால் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் உச்சத்தில் இறங்கும் வழக்கம் அவற்றையும் விடவில்லை.

பிளேனாருக்கு வேண்டியது 4 ஓமில் தாராளமான ஆற்றல். எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு வேண்டியதோ குறைந்த வெளியீட்டு இம்பிடன்ஸும் (ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருக்கும் தடை), கெப்பாசிட்டர் போன்ற ஸ்பீக்கர் சுமையைக் கண்டு தடுமாறாத நிதானமும். ஒன்றுக்கு மருந்தான ஆம்ப்ளிஃபையர் மற்றொன்றுக்கு மருந்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவதாக ஒரு சிறு இனம் உண்டு: 1980களில் வந்த அப்போஜி சிண்டில்லா போல, 1 ஓமில் நிற்கும் முழு ரிப்பன் ஸ்பீக்கர்கள். அவற்றை நேரடியாக வால்வு ஆம்ப்ளிஃபையரில் இணைக்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: சத்தக் கணக்கு

சென்சிட்டிவிட்டி (கொடுத்த சிக்னலுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) என்று அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. பெரும்பாலும் அது 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே 2 வாட். ஆகவே 4 ஓம் மேக்னபேனின் 86 டெசிபல் என்ற எண்ணை, ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் என்றுதான் வாசிக்க வேண்டும். குவாட் ஈஎஸ்எல்-63க்கும் அதே 86தான் போட்டிருக்கிறது, ஆனால் அது 8 ஓம். எனவே அங்கே 86 என்பது 86தான். ஒரே எண், இரண்டு மடங்கு வேறுபாடு.

இனி ஆம்ப்ளிஃபையரை வோல்ட்டில் அளக்கலாம். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். ஒரு ஜோடி இஎல்34 வால்வுகள் கொண்ட 35 வாட் ஆம்ப்ளிஃபையர் (1959இல் வந்த டைனாகோ எஸ்டி-70 இந்த ரகம்) 4 ஓம் டேப்பில் (அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் 4 ஓம் ஸ்பீக்கருக்கென்று உள்ள இணைப்பு முனை) தரக்கூடியது 11.8 வோல்ட். அது 2.83 வோல்ட்டைவிட 12.4 டெசிபல் அதிகம். எனவே 4 ஓம் மேக்னபேன் 1 மீட்டரில் சுமார் 98 டெசிபல் தரும். உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி என்றால், புள்ளி போன்ற ஸ்பீக்கரில் 9.5 டெசிபல் குறையும். உயரமான பேனலில் ஒலி மேலும் கீழும் அவ்வளவாகப் பரவாது என்பதால் இழப்பு 5லிருந்து 6 டெசிபலோடு நின்றுவிடும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். முடிவில் நாற்காலியில் கிடைப்பது 95 டெசிபல். கேடி88 ஜோடி கொண்ட 70 வாட் என்றால் 98.

இது போதுமா? வீட்டில் அமைதியாகக் கேட்பவரின் சராசரி 75 டெசிபல் அளவில் இருக்கும். நல்ல ஒலிப்பதிவில் உச்சங்கள் அதைவிட 15 முதல் 20 டெசிபல் மேலே போகும். வாய்ப்பாட்டு, வீணை, சிறு இசைக்குழு ஆகியவற்றுக்கு 35 வாட் விளிம்பில் நின்று சமாளிக்கும். 70 வாட் நிம்மதியாக ஓடும். தவிலையோ முழு சிம்பொனியையோ அரங்கில் கேட்கும் அளவுக்கு வீட்டில் கேட்க விரும்புகிறவர் 70 வாட்டிலும் ஏமாறுவார். ஒற்றை 300பி வால்வே முழு அலையையும் பெருக்கி 8 வாட் தரும் சிங்கிள்-எண்டட் ஆம்ப்ளிஃபையர் இந்தக் கணக்கில் 89 டெசிபலோடு முடிந்துவிடும் என்பதைப் பார்த்தால், அது ஏன் பிளேனாருக்கு ஆகாது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வால்வு வாட் பெரிய வாட் என்று ஒரு பேச்சு உண்டு. வாட்டில் பெரிதும் சிறிதும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வரம்பு வோல்ட்டேஜ். இம்பிடன்ஸ் ஏறினால் அதன் வாட் குறையும். வால்வு ஆம்ப்ளிஃபையர், அதற்குரிய டேப்பில் இணைத்தால், 4 ஓமிலும் 16 ஓமிலும் அதே வாட்டைத் தரும். குவாட் II தன் 15 ஓம் இணைப்பில் தரும் 15 வாட் என்பது 15 வோல்ட். அதே வோல்ட்டேஜைத் தர ஒரு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில் 28 வாட் என்று விளம்பரம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பெரும்பகுதி அதிர்வெண்களில் உயர்ந்த இம்பிடன்ஸ் காட்டும் ஈஎஸ்எல்-57க்கு 15 வாட் போதுமானதாக இருந்த ரகசியத்தில் பாதி இதுதான். மறுபுறம், 4 ஓம் மேக்னபேனில் நிலைமை தலைகீழ்: 8 ஓமில் 100 வாட் தரும் நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் 4 ஓமில் 200ஐ நெருங்கும், 70 வாட் வால்வு 70லேயே நிற்கும்.

மூன்றாம் படி: வெளியீட்டு இம்பிடன்ஸை அளப்பது

எலக்ட்ரோஸ்டாட்டிக் வைத்திருப்பவர்கள் தவிர்க்கக்கூடாத படி இது. பிளேனார்காரர்கள் வேகமாகக் கடந்து போகலாம். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக இருக்கும்போது வெளியீட்டு இம்பிடன்ஸ் சத்தத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர சுரத்தின் நிறத்தை மாற்றாது.

தேவையானவை: 8 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு மல்டிமீட்டர், 400 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் ஏதேனும் ஒரு மூலம். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும் என்பதால்தான் வழக்கமான 1 கிலோஹெர்ட்ஸை இங்கே தவிர்க்கிறேன். ஆம்ப்ளிஃபையரின் 8 ஓம் டேப்பில் முதலில் ஒரே ஒரு ரெசிஸ்டரை இணைத்து, சுமார் 2.7 வோல்ட் வரும்வரை ஒலியளவைத் திருப்பி, அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இரண்டு ரெசிஸ்டர்களையும் தொடராக இணைத்து 16 ஓமாக்கி, ஒலியளவைத் தொடாமல் மீண்டும் அளக்க வேண்டும். சுமையே இல்லாமல் அளக்கும் எளிய முறையும் உண்டு. ஆனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரைச் சுமையின்றி ஓட்டுவது கெட்ட பழக்கம், அதை அளவெடுப்பதற்காகக்கூடத் தொடங்க வேண்டாம்.

கணக்கு இது: இரண்டு வோல்ட்டேஜ்களின் வித்தியாசத்தை, இரண்டு மின்னோட்டங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 8 ஓமில் 2.72 வோல்ட், 16 ஓமில் 2.88 வோல்ட் வந்ததாகக் கொள்வோம். வோல்ட்டேஜ் வித்தியாசம் 0.16. மின்னோட்டங்கள் முறையே 0.34, 0.18 ஆம்பியர், வித்தியாசம் 0.16. விடை 1 ஓம், அதாவது டேம்பிங் ஃபேக்டர் (8 ஓம் சுமையை இந்த விடையால் வகுத்த எண்) 8. ஓரளவு ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த் திசையில் உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்பும் முறை) உள்ள புஷ்-புல் (ஜோடி வால்வுகள் மாறி மாறி உழைக்கும்) ஆம்ப்ளிஃபையருக்கு இது இயல்பான அளவு.

இந்த 1 ஓம் ஒரு எலக்ட்ரோஸ்டாட்டிக்கோடு சேர்ந்து என்ன செய்யும்? ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் 30 ஓமாக இருக்கும் இடத்தில் இழப்பு 0.3 டெசிபல், 8 ஓம் உள்ள இடத்தில் 1 டெசிபல், 2 ஓமுக்கு இறங்கும் உச்சத்தில் 3.5 டெசிபல். நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் பேஸ் சற்றே தடித்து, உச்சம் 2.5 டெசிபல் அடங்கியிருக்கும். ஃபீட்பேக் இல்லாத, 3 ஓம் வெளியீட்டு இம்பிடன்ஸ் கொண்ட சிங்கிள்-எண்டட் ஆம்ப்ளிஃபையரில் உச்சத்தின் இறக்கம் 5 டெசிபலைத் தாண்டும். அதை இனிமை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ட்ரெபிள் குமிழைத் திருகினாலும் அதே இனிமை கிடைக்கும்.

இந்தக் கணக்குக்கு இரண்டு எச்சரிக்கைகள். சுமை தூய கெப்பாசிட்டராக இருக்கும் இடங்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக எழுந்து விழுவதில்லை என்பதால், உண்மையான இழப்பு இந்த எளிய கணக்கு சொல்வதைவிடக் குறைவாக இருக்கும். பேனலின் கெப்பாசிட்டன்ஸும் ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் ஒத்ததிர்ந்து இம்பிடன்ஸ் அடிமட்டத்தைத் தொடும் இடத்தில்தான் கணக்கு முழுதாகப் பலிக்கும். அதற்கு எதிராக, 400 ஹெர்ட்ஸில் 1 ஓம் காட்டிய ஆம்ப்ளிஃபையர் 15 கிலோஹெர்ட்ஸில் அதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

நான்காம் படி: டேப்பைத் தேர்வது

செலவே இல்லாத திருத்தம் இது, ஆனாலும் பலர் பெட்டியில் வந்த 8 ஓம் இணைப்பிலேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள். 8 ஓம் டேப்பிலிருந்து 4 ஓம் டேப்புக்கு மாறினால் வெளியீட்டு இம்பிடன்ஸ் பாதியாகும். மேலே கண்ட ஆம்ப்ளிஃபையரில் அது அரை ஓமாகி, உச்சத்தின் இறக்கம் 2.5 டெசிபலிலிருந்து 1.4க்குச் சுருங்கும். அதற்குக் கொடுக்கும் விலை, அதிகபட்ச வோல்ட்டேஜில் 3 டெசிபல். சிறு அறையில் அருகே உட்கார்ந்து கேட்பவர் இந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். பெரிய அறையில், இம்பிடன்ஸ் உயர்ந்து நிற்கும் பேஸ் பகுதியில் வோல்ட்டேஜ் தேவைப்படுவோருக்கு 8 ஓம் டேப்பே சரியாக அமையக்கூடும். இரண்டிலும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதுதான்.

மேக்னபேனுக்குக் கேள்வியே இல்லை, 4 ஓம்தான். 8 ஓம் டேப்பில் 4 ஓம் சுமையை மாட்டினால் வால்வுகள் காணும் சுமையும் பாதியாகிவிடும். கிடைக்கும் ஆற்றல் குறைந்து, டிஸ்டார்ஷனும் வால்வின் உழைப்பும் கூடும்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஓடிஎல் ஆம்ப்ளிஃபையர்களுக்கு டேப் கிடையாது. 1950களில் ஜூலியஸ் ஃபட்டர்மேன் வகுத்த இந்த முறை, இம்பிடன்ஸ் உயர்ந்த எலக்ட்ரோஸ்டாட்டிக்குகளோடு நன்றாகச் சேர்ந்து பெயர் வாங்கியது. ஆனால் 4 ஓம் பிளேனாரில் அது மூச்சு வாங்கும். இடையில் ஓர் ஆட்டோஃபார்மர் (ஒரே சுருள் கொண்ட ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்து 4 ஓமை 16 ஓமாகக் காட்டினால்தான் வேலைக்கு ஆகும்.

ஐந்தாம் படி: தடுமாற்றச் சோதனை

ஃபீட்பேக் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே உச்ச அதிர்வெண்களில் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. அதன் வாயில் கெப்பாசிட்டர் போன்ற ஒரு ஸ்பீக்கரை மாட்டும்போது தாமதம் மேலும் கூடி, எதிர்த் திசையில் திரும்பி வர வேண்டிய ஃபீட்பேக் நேர்த் திசையில் வந்து சேர, ஆம்ப்ளிஃபையர் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே ஊளையிடத் தொடங்கலாம். கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் ட்ரெபிளில் ஒரு கரகரப்பும், வால்வுகள் சீக்கிரம் தேய்வதும்தான்.

ஆசிலாஸ்கோப் வைத்திருக்கும் டெக்னீஷியனிடம், 8 ஓம் ரெசிஸ்டரோடு 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணையாக வைத்து 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அலையின் மூலையில் சில சிற்றலைகள் எழுந்து அடங்கினால் பரவாயில்லை. அடங்காமல் நீண்டுகொண்டே போனால் அந்த ஆம்ப்ளிஃபையர் எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு ஆகாது. ஆசிலாஸ்கோப் இல்லாத இடத்தில், பயாஸ் மின்னோட்டத்தை (சிக்னல் இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டம்) இசை எதுவும் ஓடாதபோது முதலில் ரெசிஸ்டர் சுமையிலும் பிறகு ஸ்பீக்கரிலும் அளந்து ஒப்பிடலாம். ஸ்பீக்கரை மாட்டிய மாத்திரத்தில் அளவு நகர்ந்தாலோ, வால்வின் தகடு சிவக்கத் தொடங்கினாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

இங்கேயே பார்க்க வேண்டிய இன்னொன்று, மூச்சுத் திணறியபின் மீளும் வேகம். அவுட்புட் வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்கு அளவுக்கு மீறிய சிக்னல் வரும்போது, அதற்கு முன்னே உள்ள கப்ளிங் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் ஏறி, பயாஸ் இடம்பெயர்ந்து, அடுத்த பல அடிகள் மங்கிப் போகும். சத்தக் கணக்கில் தேறிய ஒரு 35 வாட் ஆம்ப்ளிஃபையர் காதில் 20 வாட் போலத் தோன்றுவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

ஆறாம் படி: மேல்வரம்பை மீறாதிருத்தல்

ஈஎஸ்எல்-57 தாங்கக்கூடிய உச்சம் 33 வோல்ட். 8 ஓமில் கணக்கிட்டால் 68 வாட். அதை மீறினால் ட்ரெபிள் பேனலுக்குள் தீப்பொறி பாய்ந்து படலம் துளைபடும். 1981இல் வந்த ஈஎஸ்எல்-63இன் வரம்பு 40 வோல்ட் உச்சம், அதாவது 100 வாட். அதில் உள்ள பாதுகாப்புச் சுற்று, மிகையான சிக்னல் வந்தால் உள்ளீட்டையே குறுக்கிட்டு அடக்கிவிடும். ஆகவே 57 வைத்திருப்பவருக்கு 15 முதல் 35 வாட் வரையிலான வால்வு ஆம்ப்ளிஃபையர் குறைபாடல்ல, காப்பீடு.

பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் சத்தம் குறைந்து கேட்டால் ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதற்கு முன், ஸ்பீக்கரின் உயர் மின்னழுத்தப் பகுதி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் தூசியும் மின்னூட்டத்தைக் கசியவிடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஐப்பசி மழையில் ஒரு பக்கம் மட்டும் மெலிந்து ஒலித்தால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். பின்பலகையை நாமே திறப்பது கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஏழாம் படி: பேஸ் சுமையை இறக்குவது

சத்தக் கணக்கில் சிறிது பற்றாக்குறை வந்தால், பெரிய ஆம்ப்ளிஃபையருக்குத் தாவுவதற்கு முன் ஒரு சப்வூஃபரை நினைத்துப் பார்க்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேலையை அது ஏற்றுக்கொண்டால், வால்வுக்கும் இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்களுக்கும் சுமை வெகுவாகக் குறையும். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் 100 கிலோஓம் என்றால், உள்ளீட்டில் தொடராக 0.02 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றே 80 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இது இரட்டை நன்மை: நெளிந்த தட்டு எழுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வுகள் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பை நிறைத்து மூச்சடைக்க வைப்பதும் நின்றுவிடும்.

எட்டாம் படி: இணைத்துக் கேட்பது

ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் முன்னே நிறுத்த வேண்டும். பேனல் முன்னும் பின்னும் சம அளவில் ஒலிப்பதால், சுவரோடு ஒட்டி வைத்த பேனலின் குறையை ஆம்ப்ளிஃபையர் மேல் ஏற்றிச் சொல்வது மிக எளிதாக நிகழும் தவறு. ஸ்பீக்கர் வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால் போதும். பல இழைகளைப் பின்னிய, கெப்பாசிட்டன்ஸ் கூடிய வயர்கள் ஐந்தாம் படியில் சொன்ன தடுமாற்றத்துக்கு எண்ணெய் ஊற்றும்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கைக் கரண்டில் இணைத்து, மின்னூட்டம் ஏற அரை மணி நேரமாவது விட வேண்டும். ஸ்பீக்கர் வயர் இரு முனையிலும் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆம்ப்ளிஃபையரை இயக்கி, அரை மணி கழித்து பயாஸைச் சரிசெய்ய வேண்டும். முதலில் பழகிய ஒரு குரல் பதிவைத் தாழ்ந்த ஒலியளவில் 8 ஓம் டேப்பிலும் 4 ஓம் டேப்பிலும் (மேக்னபேன் என்றால் 4 ஓமில் மட்டும்) மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஒலியளவைக் காதால் அல்லாமல் மீட்டரால் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். உச்சத்தில் மூச்சொலியும் ஜால்ராவும் எந்த டேப்பில் இயல்பாக நிற்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் ஒலியளவை ஏற்றி, எந்த இடத்தில் தவிலின் அடி மழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடம் நாம் வழக்கமாகக் கேட்கும் அளவைவிட 3 டெசிபலாவது மேலே இருந்தால் தேடலை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் ஓடிய பிறகு பயாஸை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். புது வால்வுகள் அதற்குள் நகர்ந்திருக்கும்.